எண்ணெயில் என்னதான் இருக்கிறது? செக்கடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதியியல் படித்துவிட்டு மரச்செக்கு போட்டவன் நான். "படித்த படிப்புக்கு இதுவா" என்று கேட்ட சொந்தக்காரர்கள் இப்போது வந்து எண்ணெய் வாங்கிப் போகிறார்கள், கூடவே கேள்வியும் கேட்கிறார்கள். கல்லாவில் நின்றுகொண்டு சில்லறை எண்ணியபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் முழுதாக எழுதிவைக்கிறேன். நான் எண்ணெய் விற்பவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

எண்ணெய் என்றால் வேதியியலில் என்ன?

தமிழில் அந்தச் சொல்லைப் பிரித்தாலே கதை தெரியும். எள், நெய்: எண்ணெய். எள்ளில் எடுத்ததற்கு வைத்த பெயர் தேங்காய்க்கும் கடலைக்கும் வேம்புக்கும் போய், கடைசியில் பூமிக்கடியிலிருந்து வருவதற்கும் ஒட்டிக்கொண்டது. ஆனால் மண்ணெண்ணெய் இந்தக் குடும்பமே இல்லை. அதில் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்த மூலக்கூறுகள். அதனால்தான் அதைக் குடித்தால் உடம்பு செரிக்காது, காரச் சோடாவோடு காய்ச்சினால் சோப்பும் வராது.

விதை எண்ணெயின் மூலக்கூறுக்கு ட்ரைகிளிசரைடு என்று பெயர். மூன்று வால் கட்டிய பட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டம்தான் கிளிசரால், வால்கள் மூன்றும் கொழுப்பு அமிலங்கள். எந்த விதை எண்ணெயை எடுத்தாலும் ஏறக்குறைய 95 முதல் 98 சதவீதம் இந்தப் பட்டங்கள்தான். மீதி கொஞ்சத்தில்தான் மற்றதெல்லாம் அடக்கம்: பட்டத்திலிருந்து அறுந்து தனியாகத் திரியும் கொழுப்பு அமிலம், பாஸ்போலிப்பிடு என்ற பசை, வைட்டமின் ஈ, தாவர ஸ்டீரால்கள், நிறம், மணம்.

இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். செக்கா, ரீஃபைண்டா என்று வாட்ஸ்அப்பில் நடக்கிற சண்டை முழுக்க அந்த 2, 3 சதவீதத்தைப் பற்றியது. தேங்காயா, எள்ளா, சூரியகாந்தியா என்பதுதான் மீதி 97 சதவீதத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதிக் கேள்விகள் பிறக்கின்றன.

அப்படியானால் எல்லா எண்ணெயும் ஒரே சரக்குதானே?

பட்டம் ஒன்றுதான், வால் வேறு. வாலில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, எத்தனை கார்பன் நீளம். இன்னொன்று, நடுவில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா, எத்தனை. இரட்டைப் பிணைப்பு இல்லாவிட்டால் நிறைவுற்றது, இருந்தால் நிறைவுறாதது.

ஒரே ஓர் உதாரணம் போதும். 18 கார்பன் நீளமுள்ள நான்கு அமிலங்களை எடுத்துக்கொள்வோம். ஸ்டியரிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பே கிடையாது, அது உருக 69 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், மெழுகு மாதிரி இருக்கும். ஓலிக் அமிலத்தில் ஒன்று இருக்கிறது, 13, 14 டிகிரியிலேயே உருகிவிடும். லினோலிக்கில் இரண்டு, பூஜ்யத்துக்குக் கீழே 5 டிகிரி. லினோலெனிக்கில் மூன்று, பூஜ்யத்துக்குக் கீழே 11. நீளம் அதேதான், எடையும் கிட்டத்தட்ட அதேதான். இரட்டைப் பிணைப்பு விழும் இடத்தில் சங்கிலி முழங்கை மாதிரி மடங்குகிறது. நேரான விறகை நெருக்கி அடுக்கலாம், கோணல் விறகை அடுக்க முடியாதில்லையா? அடுக்க முடியாதது உறையாது, ஓடும்.

இனி எண்ணெய்களைப் பார்த்தால் குணம் தானே புரியும். நல்லெண்ணெயில் ஓலிக்கும் லினோலிக்கும் ஏறத்தாழச் சரிபாதியாக ஆளுக்கு 40 சதவீதம் அளவில் இருக்கின்றன. கடலை எண்ணெயில் ஓலிக் கை ஓங்கியிருக்கும். வழக்கமான சூரியகாந்தியில் லினோலிக் பாதிக்கு மேல், சில சமயம் 70 வரை. எள்ளிலும் கடலையிலும் ரகத்துக்கு ரகம் இந்த எண்கள் மாறும். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த டிஎம்வி ரகங்கள், விருத்தாசலத்தின் விஆர்ஐ ரகங்கள் என்று விவசாயி சொல்லும்போது, அது மகசூலுக்கான பெயர் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் மட்டும் ஏன் உறைகிறது? உறையவில்லை என்றால் கலப்படமா?

மார்கழி பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், 12 கார்பன், நிறைவுற்றது. இன்னொரு ஐந்தில் ஒரு பங்கு மிரிஸ்டிக், 14 கார்பன், அதுவும் நிறைவுற்றது. மொத்தத்தில் 90 சதவீதத்துக்கு மேல் முழங்கை இல்லாத நேர் விறகு. ஆனால் விறகு குட்டை என்பதால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளாது, 24 டிகிரி வாக்கில் உருகிவிடும். கோயம்புத்தூரில் விடியற்காலையில் உறைந்து பத்து மணிக்கு இளகுவது இதனால்தான். சென்னையில் பல நாள் உறையாமலே போகும். அது வானிலையின் வேலை.

ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்ப்பது நல்ல சோதனைதான். அசல் தேங்காய் எண்ணெய் முழுதும் வெள்ளையாக இறுகும், வேறு மலிவான எண்ணெய் கலந்திருந்தால் அது இறுகாமல் தனியே நிற்கும். ஆனால் இந்தச் சோதனைக்கும் ஓர் ஓட்டை உண்டு. பனைக்கொட்டை எண்ணெய், அதாவது பாமாயில் மரத்தின் கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் எண்ணெய், இதே லாரிக் குடும்பம். அதைக் கலந்தால் அதுவும் சமர்த்தாக உறையும். கண்டுபிடிக்க அயோடின் எண் (இரட்டைப் பிணைப்பின் கணக்கு, கீழே சொல்கிறேன்) பார்க்க வேண்டும், அது ஆய்வகத்து வேலை.

தேங்காய் எப்படி விதை எண்ணெய் ஆகும்?

நாம் உடைத்துத் தின்னும் பருப்பு, விதைக்குள் முளைக்காகச் சேர்த்துவைத்த உணவு. அதனால் விதைதான். பாமாயிலும் ஆலிவ் எண்ணெயும்தான் பழச்சதையிலிருந்து வருபவை.

எள்ளில் பாதி எண்ணெய் என்கிறார்கள். செடிக்கு எதற்கு இவ்வளவு?

நமக்குத் தாளிக்க அல்ல என்பது மட்டும் நிச்சயம். ஒரு கிராம் கொழுப்பில் 9 கிலோகலோரி, மாவுச்சத்தில் 4. சின்ன விதைக்குள் நிறையச் சாப்பாடு கட்டிக்கொடுக்க வேண்டுமென்றால் எண்ணெய்தான் வசதி. இன்னொரு வேடிக்கையும் உண்டு. சூரியகாந்தியைக் குளிரான இடத்தில் விளைவித்தால் லினோலிக் கூடும், வெப்பமான இடத்தில் ஓலிக் கூடும். குளிரில் எண்ணெய் இறுகிப்போனால் முளை பட்டினி கிடக்கும், அதனால் விதையே முழங்கையைக் கூட்டிக்கொள்கிறது.

நல்லெண்ணெய் சீக்கிரம் கெடுவதில்லையே, அது ஏன்? ஊறுகாய்க்கு அதையே ஊற்றுகிறார்களே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கணக்குப்படி பார்த்தால் நல்லெண்ணெய் சீக்கிரம் கெட வேண்டும். இரட்டைப் பிணைப்புதான் காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வந்து கடிக்கும் இடம். கடித்தால் பெராக்சைடு உண்டாகும், அது உடைந்து ஆல்டிஹைடுகள் பிறக்கும், அந்த ஆல்டிஹைடுகளின் நாற்றத்தைத்தான் காறல், சிக்கு வாடை என்கிறோம். இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள லினோலிக், ஒன்றே உள்ள ஓலிக்கைவிடப் பல மடங்கு வேகமாக இப்படிக் கெடும். நல்லெண்ணெயில் லினோலிக் 40 சதவீதம். அப்படியும் தாங்குகிறது.

காரணம் அந்த மீதி 2 சதவீதத்தில் இருக்கிறது. எள்ளில் செசமின், செசமோலின் என்ற லிக்னான்கள் உண்டு. செசமோலின் சூட்டிலோ அமிலத்திலோ உடைந்து செசமால் என்ற பொருளைத் தரும். செசமால் ஆக்சிஜனேற்றச் சங்கிலியை நடுவில் புகுந்து அறுக்கிற ஆள். காமா டோகோஃபெரால் என்ற வைட்டமின் ஈ வகையும் கூட நிற்கிறது. நம் பாட்டிகளுக்கு செசமால் தெரியாது, ஆனால் மாங்காய் ஊறுகாய்க்கு எந்த எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினால் வருஷம் தாங்கும் என்று தெரிந்திருந்தது.

அப்புறம் ஒரு கிளைக்கதை. நல்லெண்ணெயுடன் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொஞ்சம் ஃபர்ஃப்யூராலும் சேர்த்துக் குலுக்கினால், கீழே நிற்கும் அமில அடுக்கு ரோஜா நிறமாக மாறும். இதற்கு போடுவான் சோதனை என்று பெயர், நிறம் கொடுப்பது இதே செசமோலின் கூட்டம்தான். நெய்யில் வனஸ்பதி கலப்பவர்களைப் பிடிக்க இந்திய அரசு இதைப் பயன்படுத்திக்கொண்டது. வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று விதி வைத்தார்கள். நெய் ரோஜா நிறம் காட்டினால் உள்ளே வனஸ்பதி இருக்கிறது என்று அர்த்தம். நல்லெண்ணெயைத் துப்பறியும் ஆளாகச் சம்பளத்துக்கு வைத்த மாதிரி. தயவுசெய்து வீட்டில் அமிலம் வாங்கி இதைச் செய்து பார்க்காதீர்கள்.

எள் ஆட்டும்போது கருப்பட்டி போடுகிறீர்களே, அதனால்தான் எண்ணெய் இனிக்கிறதா?

நம்பிக்கையைக் கெடுப்பதற்கு மன்னிக்கவும். சர்க்கரை எண்ணெயில் கரையாது. நாங்கள் போடும் கருப்பட்டி புண்ணாக்கோடு போய்விடும், மாடுதான் அதைச் சுவைக்கிறது. அப்புறம் எதற்குப் போடுகிறோம்? எள் பொடிந்து மாவாக நின்றால் எண்ணெய் பிரியாது. ஈரமும் கருப்பட்டிப் பாகும் மாவைப் பிடித்து உருட்டும், நீரை விரும்பும் இடங்களில் நீர் போய் உட்கார்ந்துகொண்டு எண்ணெயை வெளியே தள்ளும். எண்ணெயின் வாசனை எள்ளினுடையது. அசல் கருப்பட்டி போட்டோம் என்று விளம்பரம் பண்ணுகிறவர்கள் புண்ணாக்கை விற்கும்போது அதைச் சொன்னால் பொருத்தமாக இருக்கும்.

கடலை எண்ணெய் ஃப்ரிட்ஜில் கலங்கிவிட்டது. பாமாயில் கலந்திருக்கிறார்களா?

அவசரப்பட வேண்டாம். கடலை எண்ணெயில் 20, 22, 24 கார்பன் நீளமுள்ள நிறைவுற்ற அமிலங்கள் கொஞ்சம் உண்டு, மூன்றும் சேர்ந்து சுமார் 5 சதவீதம். தனியாக எடுத்தால் 75 டிகிரிக்கு மேல்தான் உருகும் சரக்கு இது. 20 கார்பன் அமிலத்துக்கு அராக்கிடிக் என்று பெயர் வந்ததே வேர்க்கடலையின் தாவரவியல் பெயரான அராக்கிஸிலிருந்துதான். குளிரில் இந்த நீள வால்கள் முதலில் சேர்ந்துகொண்டு எண்ணெயைக் கலங்கவைக்கும், கூழ் மாதிரி ஆக்கும். எந்த வெப்பநிலையில் கலங்குகிறது என்று அளந்துதான் ஆய்வகத்தில் கடலை எண்ணெயின் அசலைச் சோதிப்பார்கள். அதனால் கலங்கியது குற்றமில்லை.

கடலையில் நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி: பூஞ்சை. ஈரம் போகக் காயாத கடலையில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் சுரக்கும். கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள நஞ்சு அது. 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்கைத் தோண்டிப் போய்த்தான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். நஞ்சில் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கும், ஆனால் வடிகட்டாத எண்ணெயில் கொஞ்சம் வரும். ரீஃபைண்ட் செய்யும்போது காரத்தில் அது அழிந்துவிடுகிறது. செக்கு எண்ணெய்க்காரன் வாயாலேயே சொல்கிறேன்: இந்த ஒரு விஷயத்தில் ரீஃபைண்ட் எண்ணெய் பாதுகாப்பானது. செக்கில் அந்தப் பாதுகாப்பை விதையைப் பொறுக்குவதில்தான் கொண்டுவர முடியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கடலை பொறுக்குங்கள் என்று வேலைக்கு வரும் அக்காமார்களிடம் நான் நச்சரிப்பது இதற்காகத்தான். கறுத்தது, சுருங்கியது, பூத்தது எல்லாம் வெளியே.

ரீஃபைண்ட் எண்ணெயில் என்ன பண்ணுகிறார்கள்? சத்தை எல்லாம் எடுத்துவிட்டுச் சக்கையைத் தருகிறார்களா?

வரிசையாகச் சொன்னால் பயம் பாதி போய்விடும். பெரிய ஆலையில் விதையை எக்ஸ்பெல்லரில் பிழிந்து, புண்ணாக்கில் தங்கியதை ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்து எடுப்பார்கள். ஹெக்சேன் 69 டிகிரியில் கொதித்துப் போய்விடும், அதைக் குளிரவைத்துத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் சூடான தண்ணீரோ அமிலமோ விட்டுப் பசையை இறக்குவார்கள். தனியாகத் திரியும் கொழுப்பு அமிலத்தைக் காரச் சோடாவால் சோப்பாக்கிக் கழுவிவிடுவார்கள். வெளுக்கும் மண்ணைப் போட்டு நிறத்தை உறிஞ்சவிடுவார்கள். கடைசியில் வெற்றிடத்தில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி நீராவி விட்டு மணத்தை ஓட்டுவார்கள். சூரியகாந்தி என்றால் குளிரவைத்து மெழுகையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டில் மங்கும்.

பசையை எடுத்துவிடுகிறார்கள் என்று யூடியூபில் சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பசைதான் எண்ணெயின் உயிர் என்பது மிகை. அது லெசித்தின், சாக்லேட்டில் போடும் அதே பொருள். சட்டியில் அது கருகும், நுரைக்கும். கொழுப்பு அமில விகிதமும் கலோரியும் ரீஃபைண்டிலும் செக்கிலும் ஏறக்குறைய ஒன்றுதான். போவது மணம், நிறம், வைட்டமின் ஈயிலும் ஸ்டீராலிலும் ஒரு பகுதி. புதிதாக வருவதும் ஒன்று உண்டு. மணம் நீக்கும் அந்த அதிகச் சூட்டில் கிளிசிடில் எஸ்டர்கள் போன்றவை கொஞ்சம் உருவாகும், பாமாயிலில் இது அதிகம். 2016இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதைப் பற்றி எச்சரித்த பிறகு ஆலைகள் சூட்டைக் குறைக்கும் வழி பார்க்கின்றன.

நான் செக்கு எண்ணெய் சாப்பிடுவது ருசிக்காக. இட்லிப் பொடிக்கு மணமில்லாத எண்ணெயை ஊற்றிச் சாப்பிடுவது எனக்கு ஆகாது. இதற்கு மேல் மருத்துவக் காரணம் கேட்டால் சொல்ல மாட்டேன்.

வடை, அப்பளம் பொரிக்க எது? ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுபடி பயன்படுத்தலாமா?

எண்ணெய் புகையத் தொடங்கும் சூட்டைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தனியாகத் திரியும் கொழுப்பு அமிலம்தான். அது கூடினால் புகைநிலை இறங்கும். செக்கு எண்ணெய்கள் பொதுவாக 160 முதல் 180 டிகிரியில் புகைய ஆரம்பிக்கும், ரீஃபைண்ட் 220ஐத் தாண்டும். பொரிக்கத் தேவை 170, 180. ஆக, செக்கு எண்ணெயில் பொரிக்கலாம், ஆனால் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கண் எரிகிற புகை வந்தால் அது அக்ரோலின், பட்டத்தின் உடல் பகுதியான கிளிசரால் சிதைந்து வருவது.

புகைநிலை மட்டும் கணக்கில்லை. லினோலிக் நிறைந்த எண்ணெய் புகையாமலே கெட்டுப்போகும். சூடு, காற்று, வடையிலிருந்து வரும் தண்ணீர் மூன்றும் சேர்ந்து பட்டத்தை அறுக்கும், ஆக்சிஜனை ஏற்றும், வால்களை ஒன்றோடொன்று பின்னிவிடும். எண்ணெய் கறுத்து, கனத்து, ஓரத்தில் பிசின் பிடித்தால் இந்தப் பின்னல் நடந்துவிட்டது என்று அர்த்தம். இப்படி உண்டாகும் முனைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவி கிடையாது. பொரித்த எண்ணெயை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள், மறுபடி வாணலி நிறைய ஊற்றிப் பொரிக்க வேண்டாம்.

விளக்கெண்ணெய் ஏன் அவ்வளவு கெட்டி?

மந்தமான ஆளை 'விளக்கெண்ணெய்' என்று திட்டுகிறோமே, அந்த வசவுக்குப் பின்னால் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு இருக்கிறது. ஆமணக்கு எண்ணெயின் வால்களில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். 18 கார்பன், ஒன்பதாவது இடத்தில் இரட்டைப் பிணைப்பு, இதுவரை ஓலிக் மாதிரியேதான். கூடுதலாக 12ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி, தொங்குகிறது. அதனால் பக்கத்து மூலக்கூறோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக் கை கோத்துக்கொள்கிறது. நல்லெண்ணெயைவிடப் பத்து மடங்குக்கு மேல் பாகுத்தன்மை வருவது இதனால்தான். அடர்த்தியும் கூட, மற்ற எண்ணெய்கள் 0.92 அளவில் நிற்க, இது 0.96. இன்னொரு தனிக்குணம், இது ஆல்கஹாலில் கரையும்.

அந்த ஒரு ஹைட்ராக்சில் ஒரு தொழிலையே நடத்துகிறது. சூட்டிலும் எளிதில் நீர்க்காது என்பதால் முதல் உலகப் போர்க் காலத்து விமான இன்ஜின்களுக்கு இதுதான் உயவு எண்ணெய். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தது. நைலான் 11 என்ற பிளாஸ்டிக், செபாசிக் அமிலம், தோல் பூஞ்சைக்குப் போடும் அன்டிசைலெனிக் அமிலம் எல்லாம் இதிலிருந்து பிறப்பவை. உலகத்துக்கு ஆமணக்கு எண்ணெய் தருவதில் இந்தியாதான் முதலிடம், அதில் பெரும்பகுதி குஜராத். நம் பக்கத்தில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாக ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

பேதிக்குக் கொடுப்பதும் இதே அமிலத்தை நம்பித்தான். குடலில் எண்ணெய் உடைந்து ரிசினோலிக் விடுபட்டதும் அது குடல் தசையின் ஏற்பி ஒன்றைத் தூண்டிச் சுருங்கவைக்கிறது. கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம், கருப்பைத் தசையிலும் அந்த ஏற்பி உண்டு.

கொட்டையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறதே என்று பயப்படுவார்கள். ரிசின் ஒரு புரதம், எண்ணெயில் கரையாது, புண்ணாக்கில் நின்றுவிடும். ஆனால் கொட்டையைக் குழந்தைகள் மெல்ல விடக் கூடாது, ஆமணக்குப் புண்ணாக்கை மாட்டுக்கும் போடக் கூடாது. அது உரத்துக்கு.

வேப்பெண்ணெய், இலுப்பை, புங்கம், புன்னை: இவற்றை ஏன் சாப்பிடுவதில்லை?

வால்களைப் பார்த்தால் வேப்பெண்ணெய் சாதாரண எண்ணெய்தான், பாதி ஓலிக். சாப்பிட விடாமல் தடுப்பது மறுபடியும் அந்த மீதிச் சதவீதம்: கசப்பான லிமோனாய்டுகள், கந்தகச் சேர்மங்களின் நாற்றம். நிம்பின் என்ற கசப்புப் பொருளை 1942இல் பிரித்தெடுத்தவர் சலீமுஸ்ஸமான் சித்திகி. பூச்சியின் பசியையும் தோலுரிப்பையும் கெடுக்கும் அசாடிராக்டின் இன்னும் சிக்கலானது. அதை ஆய்வகத்தில் முழுதாகச் செய்து முடிக்க கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, 2007இல்தான் முடித்தார்கள். மரம் அதை ஒவ்வொரு கொட்டையிலும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994இல் ஐரோப்பாவில் காப்புரிமை கொடுத்து, இங்கிருந்து எதிர்ப்புப் போய், 2000இல் அதை ரத்து செய்தார்கள். 2005இல் மேல்முறையீடும் தோற்றது. குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம், வலிப்பும் மூளைப் பாதிப்பும் வந்த குழந்தைகள் உண்டு.

இலுப்பை கொஞ்சம் வெண்ணெய் மாதிரி. பால்மிட்டிக்கும் ஸ்டியரிக்கும் சேர்ந்து பாதிக்குக் கொஞ்சம் கீழே இருப்பதால் குளிரில் பாதி உறைந்து நிற்கும். கோயில் விளக்குக்கு ஊற்றியது. புங்கத்தில் கரஞ்சின் என்ற பொருள் இருப்பதால் கசக்கும், அது பயோடீசலுக்கும் தோல் பதனிடுவதற்கும் போகிறது. புன்னை கடலோர மரம், எண்ணெய் பச்சை நிறத்தில் பிசினோடு வரும்.

கடைகளில் 'தீப எண்ணெய்' என்று விற்பதைச் சமையலில் சேர்க்காதீர்கள். லேபிளில் விளக்கேற்ற மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அதில் எது இருக்கிறது என்பது ஊற்றியவருக்குத்தான் தெரியும்.

'கொலஸ்ட்ரால் இல்லை' என்று எழுதிய எண்ணெய் வாங்கலாமா?

எந்தத் தாவர எண்ணெயிலும் சொல்லும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. 'எலும்பில்லாத வாழைப்பழம்' என்று எழுதி விற்பது மாதிரி.

வனஸ்பதி விதை எண்ணெயா, நெய்யா?

விதை எண்ணெயை நெய் வேஷம் போடவைத்தது. நிக்கல் வினையூக்கியை வைத்து இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜனை ஏற்றினால் முழங்கை நிமிரும், எண்ணெய் இறுகும். 1902இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் நார்மன் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1937இல் இந்தியாவுக்கு டால்டா வந்தது. சிக்கல் என்னவென்றால், பாதி வழியில் நிறுத்தினால் சில இரட்டைப் பிணைப்புகள் அப்படியே இருந்துகொண்டு வடிவத்தை மட்டும் நேராக்கிக்கொள்ளும். அதுதான் ட்ரான்ஸ் கொழுப்பு, இதயத்துக்கு ஆகாதது. 2022 ஜனவரி முதல் இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதற்கு 2 சதவீதம்தான் உச்சவரம்பு.

ஆய்வக அறிக்கையில் அயோடின் எண், சோப்பாதல் எண் என்று போட்டிருக்கிறதே?

அயோடின் எண் இரட்டைப் பிணைப்பின் தலைக்கணக்கு. 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்பது அது. தேங்காய்க்கு 6 முதல் 11, கடலைக்கு 86 முதல் 107, நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120, சூரியகாந்திக்கு 118 முதல் 141. ஆளி விதைக்கு 170ஐத் தாண்டும். இவ்வளவு உயர்ந்தால் எண்ணெய் காற்றில் தானே காய்ந்து படலமாகும், ஓவியர்களும் மரச்சாமான் மெருகிடுபவர்களும் ஆளி எண்ணெயைத் தேடுவது அதற்குத்தான். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் ஆக்சிஜனேற்றச் சூட்டில் தானாகவே தீப்பிடிக்கும், கதை இல்லை.

சோப்பாதல் எண், ஒரு கிராம் எண்ணெயைச் சோப்பாக்க எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்பது. வால் குட்டையாக இருந்தால் ஒரு கிராமில் பட்டங்கள் அதிகம், காரமும் அதிகம் வேண்டும். தேங்காய்க்கு 250க்கு மேல், நல்லெண்ணெய்க்கு 190 வாக்கில். வீட்டில் சோப்புப் போடுகிறவர்கள் ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு 183 கிராம் காரச் சோடா என்று கணக்குப் போடுவது இந்த எண்ணை மாற்றி எழுதித்தான். அதே அளவை நல்லெண்ணெய்க்குப் போட்டால் 135 கிராம் போதுமான இடத்தில் மிச்சக் காரம் சோப்பில் நின்று தோலைப் பதம் பார்க்கும்.

லிட்டர் பாக்கெட்டில் 910 கிராம் என்று இருக்கிறது. ஏமாற்றா?

இல்லை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் 910, 920 கிராம்தான் வரும். ஏமாற்றைப் பார்க்க வேறு கணக்கு இருக்கிறது. ஒரு லிட்டர் நல்லெண்ணெய்க்குச் செக்கில் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ எள் வேண்டும். எள்ளின் விலையை இரண்டரையால் பெருக்குங்கள், புண்ணாக்கு விற்ற காசைக் கழியுங்கள். அதற்கும் கீழே யாராவது 'சுத்தமான செக்கு நல்லெண்ணெய்' விற்றால், அவர் தர்மம் செய்கிறார் அல்லது எள்ளைத் தவிர வேறு ஏதோ ஆட்டுகிறார்.

எதில் ஊற்றி வைப்பது?

எவர்சில்வர், பீங்கான் ஜாடி, அடர்நிறக் கண்ணாடி. பாட்டியின் பித்தளைத் தூக்கு அழகுதான், ஆனால் பித்தளையில் இருக்கும் செம்பு ஆக்சிஜனேற்றத்தை விரட்டி வேகப்படுத்தும். ஈயம் பூசாமல் அதில் வைக்காதீர்கள். வெயில் படும் ஜன்னலும் வேண்டாம், செக்கு எண்ணெயில் தங்கிய பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்துக் கெடுக்கும் வேலை செய்யும். பழைய எண்ணெய் ஒட்டிய பாத்திரத்தில் புது எண்ணெயை ஊற்றினால் பழையதன் பெராக்சைடு புதியதையும் கெடுத்துவிடும், கழுவிக் காயவைத்து ஊற்றுங்கள். ஒரு மாதத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வாங்குங்கள் என்று வியாபாரியான நானே சொல்கிறேன்.

பாட்டிலின் அடியில் ஏதோ படிகிறதே?

கசண்டு. விதையின் நுண்தூளும் ஈரம் பட்டு இறங்கிய பசையும். நாங்கள் வெயிலில் சில நாள் தெளியவைத்து மேலாக இறுத்துத்தான் ஊற்றுகிறோம், அப்படியும் கொஞ்சம் வரும். கெடுதல் இல்லை, ஆனால் ஈரத்தைப் பிடித்துவைத்திருப்பதால் முதலில் காறுவது அதுதான். மேலே உள்ளதைச் சாய்த்து எடுத்துக்கொண்டு, அடியில் தங்கியதைக் கதவு கீல் கிறீச்சிடும் இடத்தில் விடுங்கள். பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்தால் கழுவிக் காய்ந்ததாகக் கொண்டுவாருங்கள்.